ஏப்ரலில் நின்றுபோன டிஸ்க்

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. அச்சகத்தில் ஆப்செட் மெசினில் இருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் குளியல் நடக்கிறது. டிசைன் செக்‌ஷனில் இருக்கும் என் சர்வரை மட்டும் அணைக்கவே கூடாது என்று வருடா வருடம் சண்டை போட்டு, அதன் தலையில் ஒரு பொட்டு வைத்து ஒப்பேற்றி வந்தேன். இந்த வருடம் தனுஷ்கோடி அண்ணாச்சி விடவில்லை.

"ஏம்மா கார்த்தி, வருசம் பூராம் ஓடுற மெசினுக்கு ஒருநா ஓய்வு குடுக்காம பூச போட்டா சாமி ஏத்துக்கிடுமா?"

முதலாளி சாமியை இழுத்த பிறகு சிஸ்டம் இன்சார்ஜ் என்ன பேச முடியும்? அணைத்துவிட்டேன். அந்த மின்விசிறிச் சத்தம் நின்றதும் அறையே செவிடாகிப்போன மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க அருப்புக்கோட்டையில் இருந்து வருகிறார்களாம். அம்மா சொன்னாள். காதில் விழாதது போல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை முடிந்தது. பொரி, கடலை, ஆப்பிள் ஒன்று. சீதாலட்சுமி அக்கா சர்வரைத் தூசி தட்டியதோடு நிற்காமல் உள்ளே இருந்த இரண்டு டிஸ்க் தட்டுகளையும் உருவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பச் செருகியிருக்கிறார்.

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்கலன்னா மனசு கேக்கல கார்த்தி. அதான் ரெண்டுக்கும் நல்லா அப்பி வச்சுட்டேன்."

அக்கா கையில் சந்தனம் கிடைத்தால் அப்படித்தான். சிரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் வைத்து, பட்டனை அழுத்தினேன். வழக்கத்தைவிட மெதுவாக எழுந்தது. எழுந்ததே என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்து நிமிடத்தில் டிசைனர் வனராஜ் கூப்பிட்டான். "அக்கா, முருகன காணோம்."

அடுத்த வருடக் காலண்டருக்கு அவன் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த முருகன். அது மட்டுமா, லட்சுமியைக் காணோம், ஊட்டி இயற்கைக் காட்சியைக் காணோம், நகைக்கடைக்காரர்கள் ஒப்புதல் கொடுத்த தினசரி காலண்டர் அட்டைகள் ஒன்றுகூட இல்லை. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் ஏப்ரல் 22 அன்றோடு நிற்கிறது. பழைய குருடி கதவைத் திறடி என்று சர்வர் ஏப்ரலுக்கே போய் நிற்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. தீபாவளிக்குள் அச்சுக்கான பிளேட் போட்டு மெசினில் ஏற்றாவிட்டால் இந்த வருட ஆர்டர் மொத்தமும் அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விடும்.

சர்வரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முதல் டிஸ்க்கின் பச்சை விளக்கு எரிகிறது. இரண்டாவதில் விளக்கே இல்லை. அக்கா அப்பிய சந்தனம் வழிந்து இரண்டாவது தட்டின் கொக்கியில் காய்ந்து இறுகிப்போய், தட்டு முழுதாக உள்ளே போகவில்லை. சர்வரை அணைத்துவிட்டு ஈரத்துணி எடுத்தேன்.

"பூச போட்ட சந்தனத்தத் தொடைக்கலாமாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"முருகன் வேணுமா, சந்தனம் வேணுமா அண்ணாச்சி?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். துடைத்தேன்.

அவருக்குப் புரிய வைக்கத்தான் அரைமணி நேரம் ஆனது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எழுத்தை ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டே போகும், அதுதான் மிரர், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். அப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் முதல் டிஸ்க் ஏப்ரலிலேயே ஜோடியை விட்டுக் கழன்றுவிட்டிருக்கிறது. அன்றிலிருந்து இரண்டாவதுதான் தனியாக எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்கள் சர்வரை வைத்துக் கொடுத்தவரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. நான் கவனித்திருக்க வேண்டும். ஏப்ரலில் நான் எதைத்தான் கவனித்தேன்?

"அப்ப ரெண்டாவதப் போட்டு ஓட்ட வேண்டியதுதான?"

சேர்த்துப் போட்டால் பழையது நல்லதன் மேல் எழுதிவிடுமோ என்று தனியாகப் போட்டு அழுத்தினேன். எழுப்புவதற்கு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி.

"சொந்தமா எந்திரிக்கத் தெரியாதா அதுக்கு?"

"மெசின எழுப்பி விடுற பூட் பார்ட்டிஷன்னு ஒண்ணு உண்டு அண்ணாச்சி. சின்ன எடந்தான். அத முத டிஸ்க்குல மட்டும் போட்டுட்டுப் போய்ட்டாங்க. ரெண்டாவதுல எடம் விட்ருக்காங்க, எழுதல."

"எந்திரிக்கிறதுல சரக்கு இல்ல, சரக்கு இருக்கறது எந்திரிக்க மாட்டேங்குது. அப்படித்தான?"

அதற்கு மேல் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கித் தனியாக நகல் எடுத்து வைப்போம் என்று போன வருடம் கேட்டபோது, "ரெண்டு இருக்கைல மூணாவது என்னத்துக்கு" என்றவரும் இவர்தான். சொல்லிக்காட்டவில்லை.

முதல் டிஸ்க்கை இன்னொரு முறை எழுப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கேன்சலான ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை கிடந்தது. எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்க்க அதைத் திறந்தேன். சரியாகத்தான் வந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

அச்சகத்தில் அவசரம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் இல்லை. அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்னொரு நாள் வருகிறோம் என்றார்களாம். "ஒனக்கு மட்டும் எப்பிடித்தான் சரியா அன்னைக்கே வேல வருதோ" என்று அம்மா போனில் பொரிந்தாள்.

பென்டிரைவில் இருந்து மெசினை எழுப்பி, இரண்டாவது டிஸ்க்கை மட்டும் மாட்டி, எதையும் எழுதாமல் வாசிக்க மட்டும் விட்டேன். எல்லாம் இருக்கிறது. வனராஜின் முருகன், மயில் சகிதம். லட்சுமி, ஊட்டி, நகைக்கடை அட்டைகள், வியாழக்கிழமை மதியம் சேமித்த கடைசிப் பக்கம் வரை. யாருமில்லாத அறையில் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

இனி வேலை சுலபம். இரண்டாவதில் பூட் எழுதி, அதை எழுப்பி, முதல் டிஸ்க்கைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் முதலாவதில் இருப்பதெல்லாம் அழிந்து, அது இரண்டாவதின் நகலாகிவிடும். வேறு டிஸ்க் இல்லை. அதுதான் முறையும்கூட.

வனராஜைக் கூப்பிடப் போனை எடுத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன.

முதல் டிஸ்க்கை மாட்டி எழுப்பினேன். அந்தப் பத்திரிகை ஃபோல்டரில் திருத்தித் திருத்திச் சேமித்த பதினொரு பிரதிகள் இருக்கின்றன. முதல் பிரதியைத் திறந்தேன். தங்க நிறப் பூவேலை ஓரம், நடுவில் வெறுமனே விட்ட இடம், ஒரு கிளி. கிளியை நான்தான் வரைந்தேன். திருநிறைச்செல்வன் பூபதி டி.எம்.இ., திருநிறைச்செல்வி கார்த்தீஸ்வரி எம்.சி.ஏ.

ஆமாம், என் பத்திரிகைதான். ஏப்ரல் 24 அன்று என் கையாலேயே அழித்தேன். முதல் டிஸ்க் இரண்டு நாள் முன்னதாகவே கழன்றுவிட்டதால் அதற்கு அந்தச் சேதி போகவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

"என்னாச்சும்மா?" என்று அண்ணாச்சி காலையில் இருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பிளேட் அறையில் எல்லோரும் சும்மா உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். வனராஜ் மட்டும் முருகனை ஞாபகத்தில் இருந்து திரும்ப வரைய ஆரம்பித்திருக்கிறான். வேலின் சாய்வு எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெயர் பெரிதாகிறது. நான்காவதில் என் எம்.சி.ஏ. இல்லை. அவர் படித்தது டிப்ளமா, பக்கத்தில் என் படிப்பு இருந்தால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று பூபதியின் அக்கா போனில் சொன்னதும், சரிங்க அண்ணி என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. இதை எப்படி மறந்தேன்?

ஊரெல்லாம் சொல்வது ஒன்றுதான். நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு பேருக்காகக் கல்யாணத்தை நிறுத்தியவள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. ஆனால் ஆறு மாதமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பூபதி கெட்டவர் இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுத்தருவார். ஒரு வார்த்தை பொறுத்திருக்கலாமோ என்று தினமும் ஒரு தடவையாவது தோன்றுகிறது.

ஒரு காலிப் பென்டிரைவை எடுத்துச் செருகினேன். ஃபோல்டரை இழுத்துப் போட ஒரு நொடி ஆகாது. அழித்ததை மறுபடி எடுத்து வைத்துக்கொள்வதா என்று உருவிவிட்டேன். பிறகு செருகினேன். மறுபடி உருவினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் போனபோது என் நாற்காலியில் ஒருவர். மதுரையில் இருந்து அண்ணாச்சி வரவழைத்த டேட்டா மீட்புக்காரர், பிரதாப். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் இரண்டு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தவள் நான், என்ன கேட்க முடியும்?

இரண்டு டிஸ்க்கையும் மாட்டி அவருடைய மென்பொருளை ஓட்டியிருந்தார். எந்த டிஸ்க்கில் பூட் பார்ட்டிஷன் இருக்கிறது என்று அது தானே கண்டுபிடித்து, எதை மூலமாக வைத்து எதைப் புதுப்பிக்கலாம் என்று பட்டியல் போட்டுக் காட்டும். முதல் டிஸ்க்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு நல்லாருக்கு சார். ரெண்டு டிஸ்க்குல பூட் இதுலதான் இருக்கு, கடைசியா அப்டேட் ஆன நேரமும் இதுலதான் புதுசு. நேத்து சாயங்காலம். ரெண்டாவது போன வியாழக்கெழமையோட நிக்குது. ஸோ ஒண்ண வச்சு ரெண்ட அழிச்சு ரீபில்ட் பண்ணிருவோம்."

"பண்ணிருங்க தம்பி. ஏப்ரல்ல இருந்தாலும் பரவால்ல, மெசின் ஓடட்டும். படத்த ராப்பகலா உக்காந்து போட்டுக்கிடுவோம்."

"வேணாம்! முத டிஸ்க்குதான் பழசு" என்றேன்.

பிரதாப் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நூத்துக்குத் தொண்ணூறு கேஸ்ல எது எந்திரிக்குதோ அதுதான் உசுரோட இருக்கறது. நேரத்தப் பாருங்க, நேத்து அஞ்சே முக்கால். இத யாரோ யூஸ் பண்ணிட்டுத்தான் இருந்திருக்காங்க. பாக்குறீங்களா?" என்று முதல் டிஸ்க்கில் கடைசியாகத் திறந்த கோப்பைத் திரையில் கொண்டுவந்தார்.

தங்க நிறப் பூவேலை, கிளி, திருநிறைச்செல்வி.

"யாரோட பத்திரிக இது? மூணு நாளா இதத்தான் தொறந்து தொறந்து பாத்திருக்காங்க."

வனராஜ் கீபோர்டைப் பார்த்தான். வாசலில் துடைப்பத்தோடு நின்ற சீதாலட்சுமி அக்கா பார்வையைக் கீழே போட்டார். அண்ணாச்சி என் நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். அவர் வாசித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்துக் கிடந்த ஏப்ரலை ஒவ்வொரு நாளும் எழுப்பி எழுப்பி அதற்குப் புதுத் தேதி போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தத் தேதியை நம்பித்தான் இந்த மனிதர் நல்லதை அழிக்கப் போகிறார்.

பிரதாப்பின் விரல் என்டரை நோக்கிப் போனது. விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. குனிந்து, இரண்டாவது டிஸ்க்கின் கொக்கியை நெம்பித் தட்டோடு வெளியே இழுத்துவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை இப்படிப் பிடுங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" அண்ணாச்சி இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"முருகன் இதுலதான் இருக்கு அண்ணாச்சி. எல்லாமே இருக்கு. ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். சீதாலட்சுமி அக்கா முன்னால் வந்து, "அவ இருக்குங்கறால்ல, மொதல்ல பாருங்க. அதட்டுறத அப்பறம் அதட்டிக்கிடலாம்" என்றார்.

பென்டிரைவில் எழுப்பி, அந்த டிஸ்க்கை மட்டும் மாட்டிக் காட்டினேன். மயில் வந்தது, மயிலின் மேல் முருகன் வந்தார். வனராஜ் "அக்கா" என்று கூவினான். பிரதாப் குனிந்து, இரண்டு டிஸ்க்கிலும் எத்தனை முறை மாற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவதில் பல மடங்கு அதிகம். ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று எழுதி வைத்திருந்தது.

"தேதிய மட்டும் பாத்தது என் தப்பு மேடம். அது கடைசியா எப்ப முழிச்சதுன்னுதான் சொல்லும்" என்று எழுந்து நாற்காலியை என்னிடம் விட்டார். நல்ல மனிதர். எரிச்சலோடு ஆரம்பித்த என்னால் கடைசியில் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அண்ணாச்சி போகும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒன்னைய யாரும் கேக்க மாட்டாக. அதுக்குள்ள முடிச்சிரு, தாயி."

எதை முடிக்கச் சொன்னார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்டோபர் 16, புதன்

முதலில் இரண்டாவது டிஸ்க். காலியாகக் கிடந்த சின்னப் பார்ட்டிஷனில் பூட் எழுதினேன். பென்டிரைவை எடுத்துவிட்டு, வேறு எந்தத் துணையும் இல்லாமல் அதை மட்டும் போட்டு அழுத்தினேன். கறுப்புத் திரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எழுந்தது. டிசைன் செக்‌ஷனில் விசில் பறந்தது. பதினோரு மணிக்கு முதல் பிளேட் போனது.

பிறகு முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த பழைய மெசினில் மாட்டினேன். இந்தத் தடவை வாசிக்க மட்டும். மிச்சப் பிரதிகளை வரிசையாகத் திறந்தேன்.

ஐந்தில் என் தாய்மாமா பெயர் போய்விட்டது, இடம் போதவில்லையாம். ஆறில் மண்டபம் சிவகாசியில் இருந்து கோவில்பட்டிக்கு மாறுகிறது. ஏழில் அப்பாவின் பெயர் அடுத்த வரிக்கு இறங்குகிறது. எட்டில் கிளி இல்லை. சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதாம். ஒன்பதிலும் பத்திலும் கார்த்தீஸ்வரி சுருங்கிச் சுருங்கி, பூபதியின் பெயரில் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. பதினொன்றில் கார்த்தீஸ்வரியே இல்லை. திருநிறைச்செல்வி கார்த்திகா. அந்தப் பெயர்தான் எண் கணிதப்படி அவர்கள் குடும்பத்துக்கு ஆகுமாம். அதையும் நான்தான் தட்டச்சு செய்திருக்கிறேன். பிழை இல்லாமல், நடுவில் பொருத்தி, தங்க நிறத்தில். ஒவ்வொரு தடவையும் பூபதியிடம் கேட்டேன். அக்கா சொன்னா செஞ்சிரு என்பார், அவ்வளவுதான்.

ஆறு மாதமாக என் மனதில் இருந்தது முதல் பிரதி மட்டும்தான். அதையும், கல்யாணமே வேண்டாம் என்று கடைசியில் போனில் நான் போட்ட சத்தத்தையும் வைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் இருந்த பத்தை மறந்தே போனேன்.

பென்டிரைவ் மேசையில்தான் கிடந்தது. நகல் எடுக்கவில்லை. அந்தக் கிளியை மட்டும் ஒரு நிமிடம் பார்த்தேன். நல்லாத்தான் வரைந்திருக்கிறேன்.

டிஸ்க்கை சர்வருக்குக் கொண்டுபோய்ச் செருகி, புதிதாகச் சேர்க்கும் கட்டளையைத் தட்டினேன். உள்ளே இருப்பது அழியும், சரியா என்று கேட்டது. சரி என்றேன். சதவிகிதம் மெதுவாக ஏற ஆரம்பித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன. முதல் டிஸ்க்கிலும் புதிதாகப் பூட் எழுதினேன். ஒன்றைக் கழற்றி மற்றதை எழுப்பினேன், பிறகு மாற்றிப் போட்டு எழுப்பினேன். இரண்டும் தனித்தனியாக எழுகின்றன. எச்சரிக்கை மெயில் இனி எனக்கு வரும். மூன்றாவது டிஸ்க்குக்கு அண்ணாச்சி ஆர்டர் கொடுத்துவிட்டார்.

"அடுத்த வருசம் பூசைக்கு இத மட்டும் அணைக்க வேணாம்மா. நாஞ் சாமிகிட்டச் சொல்லிக்கிடுதேன்."

"இல்ல அண்ணாச்சி, அணைக்கணும். அணைச்சுப் பாத்தாத்தான் திரும்ப எந்திரிக்குமான்னு தெரியும்."

"அப்பச் சந்தனம்?"

"பொட்டு மட்டும். அப்பக் கூடாது."

சீதாலட்சுமி அக்கா தன்னைத்தான் சொல்கிறோம் என்று வாசலில் இருந்தே முறைத்தார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தோசைக்கல்லின் முன்னால். அருப்புக்கோட்டைக்காரர்கள் மறுபடி போன் செய்தார்களாம். "இந்தத் தடவையாவது பொறுமையா இரு. போன தடவ மாதிரி அவசரப்பட்டு எடுத்தெறிஞ்சு பேசிராத."

"நான் அவசரப்படலம்மா. பத்துத் தடவ சரின்னு சொல்லிருக்கேன்."

"எதுக்கு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எம்.சி.ஏ., தாய்மாமா, மண்டபம், அப்பா, கிளி, பெயர். மாமா பெயர் எடுக்கப்பட்டது அம்மாவுக்கே தெரியாது. தன் உடன்பிறந்தவர். கல்லில் தோசை கருகியது. அம்மா அதைத் திருப்பவில்லை.

"பத்தா?" என்றாள்.

"பத்து."

கருகியதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கல்லைத் துடைத்து, எனக்குப் புதிதாக ஒன்று ஊற்றினாள். அது வேகும்போது, "அப்ப அருப்புக்கோட்டைக்காரங்கள வர வேணாம்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள்.

"வரச் சொல்லும்மா. பேரு கார்த்தீஸ்வரின்னு சொல்லி வரச் சொல்லு."